சிறு கணினியும் அதன் களஞ்சியமும்

சுவா சூ காங்கிலிருந்து ஒரு தோட்டப் பள்ளித் தலைமையாசிரியர்

எங்கள் தோட்டப் பள்ளியின் அலுவலகத்தில் மூன்று பழைய கணினிகள் இருக்கின்றன. அவற்றில் ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் 10 என்னும் இயக்கத் தொகுப்புக்கு அதன் நிறுவனம் அளித்துவந்த பொதுப் பராமரிப்பு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்த தொகுப்பை ஏற்கும் தகுதி அப்பழைய பொறிகளுக்கு இல்லை. பெற்றோர் சங்கத்தார் கூடிப் பேசி ஒரு சிறு தொகை திரட்டி என் கையில் கொடுத்தனர். "ஐயா, நீங்கள் விடுமுறைக்குச் சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குத்தானே போகிறீர்கள்? அங்கேயே பார்த்து நல்லதாக ஒன்று வாங்கி வாருங்கள்" என்றனர். நல்லது என்றால் எது என்பதை அவர்களும் சொல்லவில்லை. நானும் அன்று அறியேன்.

தமிழ்ப் பள்ளிகளில் இத்தகைய பொறுப்பு பெரும்பாலும் தலைமையாசிரியர் தலையிலோ, "கொஞ்சம் கணினி தெரிந்தவர்" எனப் பெயரெடுத்துவிட்ட தமிழாசிரியர் தலையிலோ வந்து விழுவது வழக்கம். ஆகவே, ஜொகூரிலிருந்து பாலம் கடந்து வந்து, சுவா சூ காங் அடுக்குமாடி வீட்டில் தங்கியிருந்த நாள்களில் நான் கேட்டும் அளந்தும் அறிந்தவற்றை ஆசிரியப் பெருமக்களுக்குச் சொல்ல எண்ணினேன்.

முதலில் ஓர் இழப்பைச் சொல்லியாக வேண்டும். 2019ஆம் ஆண்டில் எங்கள் தோட்டத்து மூதாட்டிகள் சிலரைப் பாடவைத்துத் தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டுமாகப் பல மணி நேரம் ஒலிப்பதிவு செய்தேன். பள்ளியின் பழைய மாணவர் பதிவேடுகளையும் நிழற்பிரதி எடுத்து அவற்றோடு சேர்த்து, ஒரே ஒரு வெளிவன்தட்டில் வைத்திருந்தேன். ஒருநாள் மேசையிலிருந்து அது ஓடிக்கொண்டிருந்தபோதே தரையில் விழுந்தது. 'டிக், டிக்' என்ற ஓசைதான் பிறகு அதிலிருந்து வந்தது. மீட்டுத் தருவதாகச் சொன்ன ஒரு கடைக்காரர் கேட்ட தொகை எங்கள் நூலகத்தின் ஓராண்டுச் செலவுக்கு மேல். பதிவேடுகளை மீண்டும் படம் பிடிக்கலாம். பாடியவர்களில் இருவர் இன்று இல்லை. குற்றம் தட்டினுடையதன்று, ஒரே படி வைத்திருந்த என்னுடையது. எஞ்சிய பாட்டிமார்களை மீண்டும் அணுகிப் பதிவு செய்து வருகிறோம். அவற்றைக் காக்கும் இடமாகவே இப்புதிய கணினி அமைய வேண்டும் என்பது என் முதல் கருத்து.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு ஒன்று உண்டு. பாடத்தின் நோக்கத்தை முதலில் எழுது. துணைக்கருவியைப் பிறகு தேர்ந்தெடு. கணினிக் கடையில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர். எனவே மகள் வீட்டுச் சமையலறை மேசையில் அமர்ந்து, எங்கள் பள்ளிக்கு எவ்வளவு இடம் தேவை என்று முதலில் கணக்கிட்டேன்.

தமிழ் எழுத்தைப் பற்றி நம்மிடையே ஒரு பொய்யச்சம் உலவுகிறது. யுனிகோடு முறையில், இன்று பெரிதும் வழங்கும் யு.டி.எஃப். 8 என்னும் குறிமாற்றத்தின்படி, தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட்டு இடம் வேண்டும். 'கி' என்பது ககரமும் இகரக் குறியுமாக இரண்டு குறி. ஆகவே 6 பைட்டு. ஆங்கில எழுத்துக்கோ ஒரு பைட்டு போதும். "தமிழ் இடத்தைத் தின்கிறது" என்று சிலர் சொல்வது இதனால்தான். 1995இல் தமிழ்க் கவிதையை இணையத்தில் ஏற்றிக் காட்டிய சிங்கப்பூர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி போன்றோர் உழைத்த காலத்தில், 1.44 மெகாபைட்டு கொள்ளும் நெகிழ்தட்டே கையில் எடுத்துச்செல்லும் களஞ்சியம். 1997 மே மாதம் இந்நகரில் தமிழ்நெட் 97 மாநாடு கூடியபோதும் நிலை அதுவே. அன்று இப்பேச்சில் சிறிது பொருள் இருந்தது. ஆயினும் திருக்குறளின் 1330 பாக்களையும் யுனிகோடில் எழுதினால் கால் மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். அந்த நெகிழ்தட்டிலேயே ஐந்து முறை வைக்கலாம்! எழுத்து இடத்தை நிரப்புவதில்லை. படமும் ஒலியுமே நிரப்புகின்றன.

எங்களிடம் 40 பழைய பதிவேடுகள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 200 பக்கம். ஆக 8,000 பக்கம். ஏ4 அளவுத் தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வண்ணத்தில் படம் பிடித்தால் 2,480 புள்ளி அகலமும் 3,508 புள்ளி உயரமும் கிடைக்கும். புள்ளிக்கு 3 பைட்டு என்றால் பக்கம் ஒன்றுக்கு 26 மெகாபைட்டு. சுருக்காமல் வைத்தால் மொத்தம் 208 கிகாபைட்டு. ஜேபெக் முறையில் சுருக்கி, பக்கத்துக்கு 3 மெகாபைட்டு என்று வைத்தால் 24 கிகாபைட்டே. ஒலிப்பதிவு, குறுந்தட்டுத் தரத்தில், வினாடிக்கு 1,76,400 பைட்டு. மணிக்கு 635 மெகாபைட்டு. 60 மணி நேரத்துக்கு 38 கிகாபைட்டு. அன்றாடம் எடுத்துப் புரட்டுவதற்குச் சுருக்கிய படங்களும், ஒலியும், இயக்கத் தொகுப்பும், பள்ளிக் கோப்புகளும் சேர்த்து 150 கிகாபைட்டுக்குள் முடிந்துவிடுகின்றன. சுருக்காத மூலப் படிகளை வெளியே வேறு தட்டில் வைத்துக்கொள்ளலாம். எனவே கணினிக்குள் 500 கிகாபைட்டு இருந்தால் பாதிக்கு மேல் வெற்றிடம் கிடைக்கும். அவ்வெற்றிடம் வீணன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

500 கிகாபைட்டு என்று வாங்கியது கணினியில் 465 என்று காட்டும். என் உதவியாசிரியர் ஒருவர் இதற்காகக் கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டார். தட்டு செய்வோர் ஆயிரத்தை அடியாகக்கொண்டு எண்ணுகின்றனர். விண்டோஸோ 1,024ஐ அடியாகக்கொண்டு எண்ணுகிறது. ஊருக்கு ஊர் மரக்கால் வேறுபட்டது போன்ற செய்தி இது. நெல் குறையவில்லை.

இனிச் சிறு கணினி என்பது யாது என்று பார்ப்போம். கையகலப் பெட்டிக்குள் முழுக் கணினியையும் அடக்கி, திரையையும் விசைப்பலகையையும் தனியே இணைத்துக்கொள்ளும் அமைப்பு இது. ஆப்பிள் நிறுவனத்தின் மேக் மினி 2005 ஜனவரியில் வந்தது. இன்டெல் நிறுவனம் நான்கங்குலச் சதுரம் என்று சொல்லத்தக்க 'நக்' என்னும் பெட்டிகளைச் சில ஆண்டுகள் கழித்துக் கொண்டுவந்தது. 2023இல் அத்தொழிலை அசூஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. இப்போது சீனத்துச் சிறு நிறுவனங்கள் பலவும் இவற்றைச் செய்கின்றன. இடம் குறைவு, மின்சாரம் குறைவு, விலையும் குறைவு. ஆனால் உள்ளே இடம் குறைவென்பதால், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதியும் குறைவு. பெரிய கணினியில் செய்த பிழையை ஆண்டு கழித்துத் திருத்தலாம். இதில் வாங்கும்போதே சரியாக வாங்க வேண்டும். சில மலிவுப் பெட்டிகளில் இ.எம்.எம்.சி. என்னும் சேமிப்புச் சில்லைப் பலகையோடு பற்றவைத்தே விடுகின்றனர். அது பழுதானால் பெட்டி முழுவதும் பழுது. அவற்றை நான் தொடவேயில்லை.

களஞ்சிய வகைகளுள் மூத்தது வன்தட்டு. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுப் பொறியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அது கொண்டது 50 இலட்சம் எழுத்து. எடை ஒரு டன்னை ஒட்டியது. அந்த மரபின் பெரும்பகுதி பிற்காலத்தில் சிங்கப்பூரில் வாழ்ந்தது என்பதை நம் மாணவர் பலர் அறியார். சீகேட் நிறுவனம் 1982இல் இங்குத் தொழில் தொடங்கியது, பிறரும் தொடர்ந்தனர், 1990களில் உலகத்து வன்தட்டுகளில் ஏறத்தாழப் பாதி இத்தீவில் உருவானவை. சீகேட் தன் அங் மோ கியோ ஆலையை மூடும் முடிவை 2009இல் அறிவித்தது.

வன்தட்டின் இயல்பைத் தோட்டத்து மக்களுக்குச் சொல்வது எளிது. பால் மரம் சீவும் ஒருவர் நிரை வரிசையாகப் போனால் வேலை விரைவாக முடியும். முதல் மரத்தைச் சீவிவிட்டு 400ஆவது மரத்துக்குப் போ, பிறகு 20ஆவது மரத்துக்குத் திரும்பு என்று கங்காணி சொன்னால், சீவும் நேரம் அதேதான். நடக்கும் நேரமே நாளைத் தின்றுவிடும். வன்தட்டில் நடப்பவர் அதன் கை. நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி எடுத்துக்கொள்ளும். தேடும் இடம் கையின் கீழ் வந்து சேரச் சராசரி அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லிவினாடி. கை நகர்வதற்கு ஏறத்தாழ 12. ஆகத் தேடல் ஒன்றுக்குப் பதினேழரை மில்லிவினாடி. வினாடிக்கு 57 தேடல். தேடலுக்கு 4 கிலோபைட்டு எடுத்தால் வினாடிக்கு 230 கிலோபைட்டு அளவே வரும். அதே தட்டு, நிரை பிடித்து வரிசையாகப் படிக்கும்போது, வினாடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் தருகிறது. நானூறு மடங்கு வேறுபாடு! ஒரே தட்டு, ஒரே நாள். கணினியை முடுக்கும்போதும், பத்து நிரல்கள் ஒருங்கே திறக்கும்போதும் நடைபெறுவது சிதறிய தேடலே. நம் பழைய பொறிகள் காலையில் எழுந்திருக்கப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்வதன் காரணம் இதுதான்.

எஸ்.எஸ்.டி. என்று வழங்கும் சில்லுக் களஞ்சியத்தில் சுழல்வதும் நடப்பதும் இல்லை. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கிய நேண்ட் என்னும் நினைவகச் சில்லுகளால் ஆனது அது. அச்சில்லுகளைச் செய்யும் மைக்ரான் நிறுவனத்தின் ஆலைகள் இங்கு ஊட்லண்ட்ஸ் வட்டாரத்தில் உள்ளன. ஊட்லண்ட்ஸிலிருந்து ரயிலேறினால் நான்காம் நிலையம் சுவா சூ காங். காம்பியரும் மிளகும், பிறகு ரப்பரும் விளைந்த மண் இது என்பதை என் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னேன்; நம்பினார்கள் என்று தோன்றவில்லை.

எங்கள் பள்ளியின் பழைய மாணவர் ஒருவர் அப்பகுதியில் சில்லுத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறார். ஒரு ஞாயிறு மாலை வீட்டுக்கு வந்தார். நேண்ட் என்றால் என்னப்பா என்று கேட்டேன். "பால் வடியுற மங்குன்னு நினைச்சுக்குங்கய்யா. காலி மங்கு, நிறைஞ்ச மங்கு, ரெண்டு அடையாளந்தான் வச்சிருந்தாங்க முதல்ல. அப்புறம் அதே மங்குக்குள்ள கோடு போட்டாங்க" என்றார். உவமை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆகவே அதையே நீட்டிச் சொல்கிறேன். மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் நுண்ணிய அறைகளே மங்குகள். அறைக்கு ஒரு பிட்டு வைத்தால் 2 நிலை போதும். இரண்டு பிட்டுக்கு 4 நிலை, மூன்றுக்கு 8, நான்குக்கு 16. மூன்று வைப்பதை டி.எல்.சி. என்றும், நான்கு வைப்பதைக் கியூ.எல்.சி. என்றும் அழைக்கின்றனர். ஒரே மங்கில் 16 கோடு போட்டால் கோட்டுக்குக் கோடு இடைவெளி நுணுகிப்போகும். மெதுவாக ஊற்ற வேண்டும், கவனமாகப் பார்த்துப் படிக்க வேண்டும். சிறிது கசிந்தாலும் கணக்குப் பிழைக்கும். விலை குறைவது எங்கிருந்து என்பது இதனால் விளங்கும்.

தேய்மானமும் உண்டு. மரப்பட்டையை இத்தனை ஆண்டுதான் சீவலாம் என்று கணக்கு இருப்பதுபோல, ஒவ்வோர் அறையையும் இத்தனை முறைதான் அழித்து எழுதலாம். ஒரே இடத்தைச் சீவிச் சீவி மரத்தைக் கெடுக்காமல் பட்டையை முறைவைத்துப் பகிர்வதுபோல, உள்ளே இருக்கும் கட்டுப்படுத்தும் சில்லு எழுதும் வேலையை எல்லா அறைகளுக்கும் பகிர்ந்தளிக்கிறது. மொத்தம் எத்தனை டெராபைட்டு எழுதலாம் என்பதை நிறுவனங்கள் உறுதிமொழியில் குறிக்கின்றன. 500 கிகாபைட்டு டி.எல்.சி. வகையில் 300 டெராபைட்டு என்பது வழக்கமான எண். மைக்ரான் நிறுவனத்தின் குருஷியல் பி3 என்னும் மலிவு வகையில் அதே கொள்ளளவுக்கு 110. (சில்லறை வணிகத்தில் குருஷியல் பெயரை விட்டுவிடப்போவதாக அந்நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் பசிக்கு முன் நம் போன்ற சில்லறை வாங்குவோர் எம்மாத்திரம்! விலைகளும் அதையொட்டி ஏறியுள்ளன.) இவ்வெண்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பள்ளி அலுவலகம் நாளொன்றுக்கு 20 கிகாபைட்டு எழுதினாலும் ஆண்டுக்கு 7.3 டெராபைட்டுதான். 110ஐ அதனால் வகுத்தால் பதினைந்து ஆண்டு. அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிடுவேன். கணினியும் ஓய்வு பெற்றுவிடும். தேய்மானத்தைப் பற்றிக் கடைகளில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் வீண் விவாதம் என்பது என் கருத்து.

குழப்பம் விளையும் இடம் வேறு. எம்.2 என்பது ஒரு செருகுபலகையின் வடிவம். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242, 2230 என்று குட்டைகளும் உண்டு. அவ்வடிவத்துக்குள் சேட்டா என்னும் பழைய நெறியில் பேசும் களஞ்சியமும் இருக்கலாம், என்.வி.எம்.இ. என்னும் புதிய நெறியில் பேசும் களஞ்சியமும் இருக்கலாம். தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. எழுத்து வேறு, மொழி வேறு. உரோமன் எழுத்திலே மலாயும் எழுதுகிறோம், ஆங்கிலமும் எழுதுகிறோம். எழுத்தைப் பார்த்துவிட்டு மொழி தெரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. சேட்டா நெறியின் உச்சம் வினாடிக்கு 550 மெகாபைட்டு அளவு. என்.வி.எம்.இ., மூன்றாம் தலைமுறைப் பாதை நான்கு கொண்டு 3,500 வரையும், நான்காம் தலைமுறையில் 7,000 வரையும் செல்கிறது. ஒரு மொழி மட்டும் அறிந்த பொருத்துவாயில் மற்றதைச் செருகினால், பொருந்தியும் பேசாது நிற்கும்.

அடுத்த சனிக்கிழமை அம்மாணவரும் நானும் ரயிலேறி நியூட்டனில் மாறி, லிட்டில் இந்தியாவையும் கடந்து ரோச்சோரில் இறங்கினோம். சிம் லிம் சதுக்கத்தின் ஆறு மாடிகளிலும் நெருக்கமாகக் கடைகள். கூட்டம் முன்போல் இல்லை. இணையத்தில் வாங்குவோர் பெருகிவிட்டனர். எனினும், பொருளைக் கையில் எடுத்து, மூடியைக் கழற்றி, "உள்ளே என்ன?" என்று கேட்கும் வசதி இணையத்தில் ஏது? ஒரு கடையில் 'எஸ்.எஸ்.டி. 512' என்று மட்டும் எழுதியிருந்த பெட்டியைத் திறக்கச் சொன்னோம். உள்ளே இருந்தது 2242 அளவுள்ள சேட்டாப் பலகை. கடைக்காரர் ஒளிக்கவில்லை. "அங்கிள், இந்த விலைக்கு இதுதான்" என்றார். உண்மை. பெட்டியின் மேல் பொய் ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது சொல்லப்படவில்லை, அவ்வளவே.

மாணவர் தம் பென்டிரைவில் கிறிஸ்டல் டிஸ்க் மார்க் என்னும் இலவச அளவைநிரலைக் கொண்டுவந்திருந்தார். ஜப்பானியர் ஒருவர் எழுதியது. அது நான்கு வரி எண்களைத் தரும். மேல்வரியில் மின்னுவது, பெரிய கோப்பை வரிசையாகப் படித்த வேகம். விளம்பரத்தில் வருவது அதுவே. நாம் பார்க்க வேண்டியது கடைசி வரி: 4 கிலோபைட்டுத் துண்டுகளைச் சிதறலாக, ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்று கேட்டுப் பெற்ற வேகம். அன்றாட வேலைக்கு அதுவே நெருங்கியது. வன்தட்டு அவ்வரியில் அரை மெகாபைட்டைத் தாண்டத் திணறும். சேட்டா எஸ்.எஸ்.டி. 30 அளவிலும், என்.வி.எம்.இ. 60 அளவிலும் நிற்கும். கவனியுங்கள்: மேல்வரியில் 550க்கும் 7,000க்கும் பதின்மூன்று மடங்கு, கீழ்வரியில் இரண்டே மடங்கு. வன்தட்டிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாறும்போது தான் வேறுலகம் போலிருக்கும். அதற்கு மேல் மாறுவதைக் கைக்கடிகாரம்தான் அறியும்.

மேலும், நான் பார்த்த மலிவுப் பெட்டிகள் பலவற்றில் இருந்தது 2023இல் வந்த இன்டெல் என்100 என்னும் செயலி. நான்கு கருக்கள், 6 வாட்டு அளவே மின்சாரம். பள்ளிக்குப் போதுமானது. ஆயின் அது தரும் மூன்றாம் தலைமுறைப் பாதைகள் ஒன்பதே. அவற்றைப் பிணையத்துக்கும் பிறவற்றுக்கும் பங்கிட்ட பின், எம்.2 வாய்க்குச் சில பெட்டிகளில் ஒரு பாதையோ இரண்டு பாதைகளோதான் மிஞ்சும். பாதைக்கு வினாடிக்கு 985 மெகாபைட்டு. அதில் 7,000 வேகமுள்ள களஞ்சியத்தை விலை கொடுத்து வாங்கிப் பொருத்துவது, தோட்டத்துச் செம்மண் பாதையில் பந்தயக் கார் ஓட்டுவதற்கு ஒப்பாகும்.

இன்னொரு மறைவு உண்டு. "பெட்டியில எழுதியிருக்கிறது முதல் நிமிஷத்து வேகம், ஐயா. நமக்கு வேண்டியது பத்தாவது நிமிஷத்து வேகம்" என்றார் மாணவர். டி.எல்.சி., கியூ.எல்.சி. வகைகள், வெற்றிடமாயுள்ள அறைகளில் ஒரு பகுதியைத் தற்காலிகமாக ஒரு பிட்டு முறையில் பயன்படுத்தி, வரும் தரவை அங்கே விரைவாக வாங்கிப் போட்டுக்கொள்கின்றன. பிறகு ஓய்வாக அடுக்கி வைக்கின்றன. பால் நிறுக்கும் கொட்டகையில் முன்தொட்டி இருக்கும்வரை வாளிகளை மளமளவென்று கவிழ்க்கலாம். தொட்டி நிறைந்தால் வரிசை வாசல்வரை நிற்கும். கியூ.எல்.சி. சிலவற்றில் தொட்டி நிறைந்தபின் எழுதும் வேகம் வன்தட்டின் அளவுக்கே இறங்கிவிடுகிறது. களஞ்சியத்தில் வெற்றிடம் அதிகமாக இருந்தால் தொட்டியும் பெரிதாக இருக்கும். பாதிக்கு மேல் காலியாக விட வேண்டும் என்று நான் கணக்கிட்டதன் பயன் இது. அளவைநிரலில் 1 கிகாபைட்டு என்று முன்கூட்டியே வைத்திருக்கும் சோதனை அளவை 64க்கு உயர்த்தினோம். ஒரு பெட்டியில் எழுதும் வேகம் பாதியில் சரிந்ததை அங்கேயே கண்டோம். கடைக்காரருக்குச் சிறிது முகம் சுண்டியது.

எண்களைவிட நம் வேலையையே சோதனையாக வைப்பது நன்று. என் 24 கிகாபைட்டுப் பதிவேட்டுத் தொகுப்பை வெளிவன்தட்டில் கொண்டுபோயிருந்தேன். வினாடிக்கு 100 மெகாபைட்டு வீதம் நான்கு நிமிடம். உள்ளே எவ்வளவு வேகமான எஸ்.எஸ்.டி. இருந்தாலும் அதற்குக் குறையவில்லை. கொடுப்பவர் வேகத்துக்குத்தான் வாங்குபவர் வாங்க முடியும். அதே தட்டை யு.எஸ்.பி. 2 வாயில் செருகியபோது பத்து நிமிடத்துக்கு மேலாயிற்று. சிறு கணினிகளில் இருவகை வாய்களும் கலந்தே இருக்கும். பல பெட்டிகளில் உட்புறம் நீலமாயிருப்பது விரைவானது. அச்சுப் பக்கத்தைத் தமிழ் எழுத்தாக மாற்றும் டெசராக்ட் நிரலையும் இருபது பக்கங்களுக்கு ஓட்டிப் பார்த்தோம். அங்கே சேட்டாவுக்கும் என்.வி.எம்.இ.க்கும் வேறுபாடே தெரியவில்லை. அவ்வேலையில் காத்திருப்பது செயலிக்காக, களஞ்சியத்துக்காக அன்று. நினைவகம் 8 கிகாபைட்டு இருந்த பெட்டியில் உலாவியையும் பெரிய பி.டி.எஃப். கோப்புகளையும் ஒருங்கே திறந்தபோது தடுமாற்றம் தெரிந்தது; 16 உள்ளதில் தெரியவில்லை. கையில் மிஞ்சும் பணத்தைக் களஞ்சிய வேகத்தில் போடாமல் நினைவகத்தில் போடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

வெப்பத்தை மறக்கலாகாது. எம்.2 பலகை சூடேறி 70, 80 டிகிரியை அணுகும்போது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், செயலியும் அப்படியே. கடையிலோ குளிர்சாதனம். எங்கள் அலுவலகத்திலோ தகரக் கூரை. ஆகவே கடைச் சோதனையை மட்டும் நம்பாமல், வாங்கியதை அன்றிரவு மகள் வீட்டுப் பின்கட்டில், துணி காயும் பக்கத்தில் வைத்து, சினிபெஞ்ச் என்னும் நிரலைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, முதல் ஓட்டத்து மதிப்பெண்ணையும் கடைசி ஓட்டத்து மதிப்பெண்ணையும் ஒப்பிட்டேன். சிறு இறக்கமே. திரைக்குப் பின்னால் பெட்டியை மாட்டுவோர் காற்றுத் துளைகளைச் சுவரோடு ஒட்டிவிடாதிருக்க வேண்டும்.

வெப்பத்தோடு தொடர்புடைய இன்னொரு செய்தி. எஸ்.எஸ்.டி.யின் மங்குகள் மின்சாரமின்றிக் கிடந்தால் மெல்லக் கசியும். எழுதும் ஆயுளைத் தீர்த்துவிட்ட எஸ்.எஸ்.டி.யும் 30 டிகிரியில் மின்சாரமின்றி ஓராண்டாவது தரவைக் காக்க வேண்டும் என்பது வீட்டுப் பயனுக்குரியவற்றுக்கு வகுத்த தரநெறி. வெப்பம் கூடினால் காலம் குறையும். புதியது இதைவிடப் பன்மடங்கு காக்கும். எனினும் பூட்டிய இரும்பு அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கப்போகும் மூலப் படிக்கு நான் எஸ்.எஸ்.டி.யைத் தேர்ந்தெடுக்கவில்லை. காந்தத்தால் எழுதும் வன்தட்டே அதற்கு ஏற்றது, விலையும் குறைவு. ஓடும்போது கீழே போடாதிருக்க வேண்டும், அதை நான் கற்றுக்கொண்டுவிட்டேன். மலிவு விலையில் '16 டெராபைட்டு' என்று விற்கும் பென்டிரைவுகளைப் பற்றி எச்சரிக்கையே போதும்: உள்ளே சிறு சில்லை வைத்துப் பெரிதாகக் காட்டும் போலிகள் அவை. எச்2 டெஸ்ட் என்னும் நிரல் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். வாங்கிய தட்டுகள் இரண்டையும் அதற்கு உட்படுத்தினேன்.

முடிவில் வாங்கியது இது: என்100 செயலியும் 16 கிகாபைட்டு நினைவகமும் உள்ள பெட்டி, பெயர்பெற்ற நிறுவனத்தின் 500 கிகாபைட்டு டி.எல்.சி. வகை என்.வி.எம்.இ.; ஐந்தாண்டு உறுதிமொழிச் சீட்டு; 1 டெராபைட்டு வெளிவன்தட்டு இரண்டு. மின்செருகி இரு நாட்டுக்கும் ஒன்றே, மாற்ற வேண்டியதில்லை. பெற்றோர் சங்கத்தார் கொடுத்த தொகையில் சிறிது மிஞ்சியது. அதற்கு ஓர் ஒலிவாங்கி.

மூதாட்டிகளின் பாட்டு இனிக் கணினிக்குள் ஒன்று, பள்ளி அலமாரித் தட்டில் ஒன்று என இரண்டு படி. மூன்றாம் படி பள்ளியில் இராது. தீயோ வெள்ளமோ திருடரோ வந்தால் ஒரு கட்டடத்தில் உள்ளவை ஒருங்கே போகும். அதைச் சுவா சூ காங்கில் மகள் வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன். "அப்பா, என் சேலைக்கு நடுவிலயா வைக்கப் போறீங்க?" என்று கேட்டுக்கொண்டே இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் வரும்போது புதிய பதிவுகளை அதில் ஏற்றி, பழையவற்றுள் சிலவற்றைத் திறந்து ஒலிக்கவிட்டுப் பார்த்துவிட்டுச் செல்வதாக ஏற்பாடு.